நிற்காத ஜீப்

இதை முதலில் சொன்னவர் ஜோபி. லஞ்ச ஒழிப்புப் பிரிவு ஒன்றின் ஜீப் ஓட்டுநர். வண்டிக்குள் நடந்ததை வெளியே பேசாதவர் என்று பெயரெடுத்த அவர், வழக்கு முற்றிலும் முடிந்த பிறகே வாய் திறந்தார்.

பள்ளிவாசல் என்ற மலையூரின் பேருந்து நிறுத்தத்தில் ராமுத்தாய் மழையில் நனைந்துகொண்டு நின்றாள். ஜீப்பின் பின்பக்கத்தில் ஆய்வாளர் லோகேஷ் ஒருவன்தான் இருந்தான். ஜோபியின் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

"நிறுத்தாதீங்க ஜோபி," என்றார் முன் இருக்கையிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் பிரதீபா.

"மேடம், நம்ம கேஸ்ல புகார் குடுத்த அம்மா. கோர்ட்டுக்கு வந்துட்டுத் திரும்புது. சின்னக்கானல் வரைக்கும்..." என்று இழுத்தான் லோகேஷ்.

"தெரியுதுங்க. போங்க."

சக்கரம் வாரியடித்த சேறு அவள் சேலையில் விழுந்தது. லோகேஷ் திரும்பிப் பார்த்தான்.

ராமுத்தாய் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மகள் ஆர்த்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், எழுத்தர் ஒருவர் லஞ்சம் கேட்டார். அவள் புகார் கொடுத்தாள். பொறிவைத்துப் பிடிக்கும்போது, கொடுக்க வேண்டிய பணத்தைப் புகார் கொடுத்தவரே கொண்டுவர வேண்டும் என்றார்கள். காதுத் தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்தாள். தொட்ட கையைக் காட்டிக்கொடுக்கும் பொடியை நோட்டுகளில் லோகேஷ்தான் தடவினான். வாங்கிய எழுத்தரின் விரல்களைக் கரைசலில் நனைத்தபோது, தண்ணீர் இளஞ்சிவப்பாயிற்று.

எழுத்தர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். நோட்டுகளுக்குத்தான் ஜாமீன் இல்லை. சாட்சிப் பொருளாக அவை நீதிமன்றத்தில் பூட்டிக் கிடக்க, தோடு வட்டியில் மூழ்கிக்கொண்டிருந்தது.

பணத்தைக் கேட்டு ராமுத்தாய் அலுவலகத்துக்கு வருவாள். பிரதீபா ஒருநாளும் அவளுக்கு நாற்காலியைக் காட்டியதில்லை. "கேஸ் முடிஞ்சாத்தானுங்க கோர்ட்டு குடுக்கும். போயிட்டு வாங்க," என்பதோடு சரி. மேசைமேல் தேநீர் இருந்தால், அவள் போகும்வரை அது ஆறிக்கொண்டே இருக்கும்.

லோகேஷ் பொறுக்கமாட்டாமல் சக அலுவலர்களிடம் பணம் திரட்டினான். தோட்டை மீட்கப் போதுமான தொகை சேர்ந்தது. அவன் சின்னக்கானலுக்குக் கிளம்புவதற்குள் செய்தி பிரதீபாவுக்கு எட்டிவிட்டது.

"யாருகிட்ட வாங்கினீங்களோ, அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. இன்னொருக்கா இப்படிச் செஞ்சீங்கன்னா மெமோதான்."

"எங்கம்மாவும் கொழுந்து கிள்ளுனவதான் மேடம். எனக்கு மனசு கேக்கல."

"எங்கப்பனும் காட்டுல பாடுபட்டவருதானுங்க. அதுக்கும் கேசுக்கும் சம்பந்தமில்லீங்க."

பாலக்காட்டில் காடு, தோட்டம் என்று நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு அடகுக் கடையின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியுமா என்று லோகேஷ் ஜோபியிடம் பொருமினான். ஜோபி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை. எழுத்தரின் வக்கீல் மோகனசுந்தரம் அதட்டிப் பேசுகிறவர் அல்லர். அன்பாகப் பேசியே சாட்சிகளைக் கவிழ்ப்பவர்.

"பாவம், தூரத்துலருந்து வர்றீங்க. விஜிலன்ஸ்காரங்க உங்களை நல்லாக் கவனிச்சுக்கிட்டாங்களாம்மா? வண்டி, சாப்பாடு, கைச்செலவுக்கு ஏதாச்சும்?"

ராமுத்தாய் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாக் கவனிச்சாக. போன வாய்தாவுக்கு வந்துட்டுத் திரும்புதேன், மழை கொட்டுது. காலி ஜீப்பு, என் மேல சேத்தை வாரி அடிச்சிட்டுப் போவுது. முன்னால இந்தம்மாதான் இருந்தாக. ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல, உக்காருன்னு சொன்னதில்ல. இவுகளுக்காக நான் எதுக்குய்யா பொய் சொல்லணும்? அந்தாளு கேட்டாரு, குடுத்தேன். அம்புட்டுதான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிரதீபாவை ஒருமுறை பார்த்தார். மோகனசுந்தரம் காகிதங்களைப் புரட்டினார். அடுத்த கேள்வி அவற்றில் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

லோகேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. திரட்டிய பணம் ராமுத்தாயின் கைக்குப் போயிருந்தால், அவள் அதையும் மறைக்காமல் இதே குரலில் சொல்லியிருப்பாள். காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னவள் என்ற ஒரே வரியில் எழுத்தர் வீட்டுக்குப் போயிருப்பார்.

எழுத்தருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளன்று லோகேஷ் ராமுத்தாய்க்கு ஒரு நாற்காலியை இழுத்தான். "அப்பீல் இருக்குதுங்க," என்றார் பிரதீபா. நாற்காலி பழைய இடத்துக்கே திரும்பியது. மேல்முறையீடும் தள்ளுபடியாகும்வரை அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோட்டுகளைப் பெற்றுக்கொள்ள வரும்படி ராமுத்தாய்க்கு ஆள் வந்தது. அவள் நீதிமன்றத்துக்கு வந்து திரும்பிய அன்றைக்கும் மழை. பள்ளிவாசல் நிறுத்தத்தில் அவள் நிற்பது தூரத்தில் தெரிந்தபோது, ஜோபி பழக்கத்தால் வேகத்தைக் கூட்டினார்.

"நிறுத்துங்க ஜோபி."

பிரதீபா மழையில் இறங்கினார். முன் இருக்கையை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் லோகேஷுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏறுங்கம்மா."

ராமுத்தாய் உடனே ஏறவில்லை. ஜீப்பை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"என்ன தாயி, இன்னைக்குத்தான் பிரேக்கு பிடிக்குதோ?"

"கேஸ் முடிஞ்சாத்தானுங்கம்மா பிடிக்கும்."

ராமுத்தாய் பிரதீபாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பிழிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் கை முந்தானை முடிச்சை விடவில்லை. அதற்குள் இருந்தது, நீதிமன்றம் அன்று திருப்பிக் கொடுத்த ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.