கொன்னுபுடுவேன்

“எனக்கு முன்னாடி போனே, கொன்னுபுடுவேன்!”

ஆபரேஷனுக்குக் காத்திருந்த மனைவி அலமேலுவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினார் மாசிலாமணி. சத்தம் கேட்டு ஓடிவந்த சீனத் தாதி சூ யென், காவலரை அழைக்கப் போனை எடுத்தபடி மொழிபெயர்ப்பாளரான என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: “மிரட்டுகிறாரா?”

மிரட்டலுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ வினைச்சொற்கள். வழிமறிக்கும் ரவுடிக்கு ஒன்று, திரண்டுவரும் மேகத்துக்கு ஒன்று. அவளுடைய சீனத்திலும் அப்படித்தானாம். இந்த மனுஷனுக்கு எதைக் கொடுப்பேன்?

நான் வாய் திறப்பதற்குள், அலமேலு கண்ணை மூடியபடியே கையை நீட்டி, அவர் சட்டையில் போடாமல் விட்டிருந்த பித்தானைப் போட்டுவிட்டாள்.

“நான் வர்றவரைக்கும் சாப்பிடாம மட்டும் இருந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

அதை மொழிபெயர்க்கச் சொல்லி சூ யென் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.