சொந்தம் இல்லாதவர்

"நாம எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிங்க. குடும்பத்துக்கு எதுக்கு நெறிமுறைக் குழு?" என்றார் நகர மன்றத் தலைவர்.

"மாதிரி இல்லீங்க, ஒரே குடும்பமேதான். அதனாலதான் கேக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உறுப்பினர்களில் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. தலைவர் வரவில்லை. வந்தபோது புது நீலச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. தலைவரைக் கேட்கிற வழக்கம் அந்த மன்றத்தில் இல்லை.

சண்டைக்கு மூல காரணம் சாக்கடை.

தலைவரின் மைத்துனர் கடைத்தெருச் சாக்கடைக்குப் போட்ட சிமென்ட் மூடிகள் முதல் மழைக்கே உடைந்தன. தபால்காரர் சைக்கிளோடு உள்ளே போய்க் காலை முறித்துக்கொண்டார். அதே மைத்துனருக்குப் பள்ளிக்கூடத் தெரு வேலையையும் கொடுத்துத் தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். மன்றம் நினைத்தால் இன்று அதை ரத்து செய்யலாம். நாளை நினைத்துப் பயனில்லை. சிமென்ட் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது, காலையில் வேலை தொடங்கிவிடும்.

"கண்ணாடி விக்கிறவருக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்" என்றார் பஸ் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணாடிக்காரரின் பையில் போன் அதிர்ந்தது. மகள். எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். காலையில் கிளம்பும்போதே, "கூட்டத்துக்கு முன்னாடி என்கூட ஒரு எடத்துக்கு வர்றீங்களாப்பா?" என்று வாசல்வரை வந்து கேட்டவள். ஊர் விஷயம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தலைவர் கையமர்த்தினார்.

"சரி, ஒண்ணு பண்ணுவோம். இவரோட விதியை இன்னைக்கே இந்த வேலைக்கு வச்சுப் பாத்துடுவோம். சரியா வந்தா குழுவையும் போட்டுடலாம். நான் குறுக்க நிக்கல."

கண்ணாடிக்காரரால் நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமாகவா?

கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டு வந்திருந்த விதியைச் செயலாளர் படித்தார். காண்ட்ராக்டருக்குச் சொந்தக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும். மீதி எத்தனை பேரோ, அவர்கள் முடிவு செய்யலாம். மீதி யாருமே இல்லையென்றால் பழைய உத்தரவே நிற்கும்.

கடைசி வரிக்கு மறுபடியும் சிரிப்பு எழுந்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தார். ஒரு பேச்சுக்குத்தான் அதைச் சேர்த்திருந்தார்.

தலைவர் முதலில் எழுந்தார். "என் பெண்டாட்டியோட தம்பி. மறைக்க முடியுமா?"

பஸ் முதலாளி சகலை. போனார். மர டிப்போக்காரர் சம்பந்தி. போனார். டாக்டரம்மா அத்தை மகள். "சின்ன வயசுல எனக்கே பேசின மாப்பிள்ளை. தப்பிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும் அசையவில்லை. "எனக்கு அவர் ஒண்ணும் இல்லையே."

"உங்க மருமகளுக்கு அவர் தாய்மாமன்தானே சார்?" என்றார் கண்ணாடிக்காரர். "கல்யாணத்துல வந்த சொந்தமும் சொந்தம்தான்."

விதியில் இருந்த அந்த வரியைத்தான் முந்தாநாள் மகள் டைப் அடிக்கும்போது நிறுத்தி, அது அவசியமா என்று கேட்டாள். அதுதான் முக்கியம் என்று இவர் அழுத்திச் சொன்னார்.

வாத்தியார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்தப்பட்டது.

அறையில் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, செயலாளர், கண்ணாடிக்காரர்.

இத்தனை வருஷமாக இந்த ஊரில் தனக்கென்று யாருமில்லையே என்று வருந்தியவர் அவர். நல்லது கெட்டதுக்கு ஒரு மாமன் மச்சான் இல்லை. இன்று அதுவே ஒரு தகுதியாகிவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"உத்தரவை ரத்து செய்யணும்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்றார் செயலாளர், கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதுபோலவே.

கண்ணாடிக்காரர் கையைத் தூக்கப் போனார்.

கதவு திறந்தது. தலைவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"நீங்களும் வெளிய வந்துடுங்க, சம்பந்தி."

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி மர டிப்போக்காரர்தானே? அவர் அப்போதே போய்விட்டாரே.

தலைவர் உள்ளே வந்து, தன் போனை அவர் முன்னால் வைத்தார். மிகவும் பணிவாக வைத்தார். திரையில் ஒரு போட்டோ.

பதிவாளர் அலுவலகம். பெரிய புத்தகத்தில் தலைவரின் மகன் கையெழுத்துப் போடுகிறான். பக்கத்தில், அடுத்துப் போடுவதற்காகப் பேனாவுக்குக் காத்திருக்கிறாள் கண்ணாடிக்காரரின் மகள். அவள் பார்வை புத்தகத்தில் இல்லை, வாசல் பக்கம் இருந்தது.

பின்னால் சாட்சியாக நிற்பவர் புது நீலச் சட்டை போட்டிருந்தார்.

தலைவருக்காக எல்லோரும் காத்திருந்த அந்த ஒரு மணி நேரமும் கண்ணாடிக்காரர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பதிவாளர் அலுவலகம் எதிர்ச் சாரியில் இருக்கிறது.

"என் மச்சான் இனிமே உங்க மருமகனுக்குத் தாய்மாமன்" என்றார் தலைவர். "வாத்தியாருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்னு ஊர் பேசிடக் கூடாது பாருங்க."

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அதிர்ந்தது.

கண்ணாடிக்காரர் இந்த முறை அதை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெளிய போற காரணம் என்னன்னு எழுதிக்கட்டும்?" என்றார் செயலாளர்.