பெயர் வைக்காத பூ

வனக்காவலர் மாதப்பன் மலையிலிருந்து தோண்டிக் கொடுத்த காட்டுக்கிழங்கு, தாவரவியல் ஆசிரியை தமயந்தியின் ஜன்னலோரத் தொட்டியில் இருக்கிறது. இலையை மட்டும் வைத்து அது என்ன இனமென்று சொல்ல முடியாது, பூ வேண்டும். பூத்தால் பெயர் வைத்துவிடலாம். அதன்பிறகு மாதப்பன் போனில் அழைக்கக் காரணம் இருக்காது. ஆறு வருடங்களாக, கோடை மழை பெய்த பத்தாம் நாள் அழைக்கிறார்.

“பூத்துச்சுங்களா மேடம்?”

“இன்னும் இல்லைங்க.”

இன்றும் அப்படித்தான் சொன்னாள். எதிரே ஆறு வெள்ளை இதழ்கள் அவள் மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தன. முந்தைய வருடங்களின் பூக்கள் மேசை இழுப்பறையில், செய்தித்தாள் மடிப்புகளுக்குள், பெயரில்லாமல் காய்ந்து கிடக்கின்றன.

அவர் மெதுவாகக் கேட்டார்.

“இந்த வருசம் வாசனை எப்படிங்க இருக்கு?”