கிணற்றில் விழுந்த குதிரை

"மறுபடியுமா? இந்தத் தடவை தர முடியாது, இசக்கிப்பாண்டி."

கிழக்கேகோட்டை தமிழ் நூலகத்தின் மேஜைக்குப் பின்னாலிருந்து சாவித்ரி மாமி கையை நீட்டினாள். "புஸ்தகத்தைக் குடுங்கோ. ஆறு வாரமா வெச்சுண்டிருக்கேள்."

கழக்கூட்டம் பக்கம் கட்டட வேலையில் கம்பி கட்டும் இசக்கிப்பாண்டி, 'ஏழுமலை தாண்டிய நீலக்குதிரை'யை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அட்டை முழுக்க சிமெண்ட் விரல் தடங்கள்.

"இன்னும் மூணே வாரம்மா."

"அப்போ நான்?" பக்கத்தில் நின்ற மீராவுக்குக் கோபம். "ஸ்கூல்ல ஏழு தடவை படிச்சது. இப்போ என் பையன் சாய்க்கு வாசிச்சுக் காட்டணும். ஒரு மாசமா அலையறேன் மாமி!"

மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "மூணு தடவை பைண்டு பண்ணியாச்சு. இன்னிக்கும் இதுக்குத்தான் அடிதடி!"

"சரி, கதை எங்க நிக்குது?" மீரா அவரைக் கேட்டாள்.

"குதிரை பாழுங்கிணத்துல விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்கும்மா."

மீரா சிரித்துவிட்டாள். "பச்சைக் கள்ளம் மாமி! இதுல கிணறே கிடையாது. குதிரை எங்கயும் விழாது. இவர் படிக்கவே இல்ல!"

மாமியின் முகம் மாறியது. "தலைக்கு வெச்சுண்டு தூங்கறேளா?"

"படிச்சு முடிச்சு ரெண்டு வாரமாச்சும்மா."

"பின்னே?"

"எங்கூட வேலை செய்யுத வீரபாண்டி சாரத்துல இருந்து விழுந்துட்டான். கால்ல மாவுக்கட்டு. 'கட்டை அறுத்துட்டு வேலைக்கு வாரேன்'னு ஒரே பிடிவாதம். அடக்குததுக்கு இதை வாசிச்சேன். 'கதை முடியுத வரைக்கும் படுத்திருக்கேன்'னு ஒத்துக்கிட்டான். கதை முடிஞ்சுபோச்சு. எலும்பு கூடலை."

"அதுக்கு?"

"பெறவு நானாத்தான் கதை கட்டிச் சொல்லுதேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா இந்தப் புஸ்தகம் கையில இருந்தாத்தான் நம்புவான்."

மீராவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "சாய் காத்திருக்கட்டும் மாமி."

மாமி புத்தகத்தை வாங்கிப் புதுத் தேதி முத்திரையைக் குத்தினாள். "மூணு வாரத்துல குதிரை எழுந்துடுமோல்லியோ?"

இசக்கிப்பாண்டி தலை நிமிர்ந்தார்.

"டாக்டர் கட்டுப் பிரிக்குத அன்னைக்குத்தாம்மா எந்திரிக்கும். அதுக்கு முன்னாடி நான் விடமாட்டேன்."