போட்டு வாறன்

“அடுப்பு மூட்டாதேயும் பத்மா. எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்” என்றாள் பெர்னடெட் ரீச்சர். பொருளாதாரத் தடையில் விறகும் சீனியும் விற்கிற விலையை நினைத்துத்தான் சொல்கிறாள், நல்ல மனசுக்காரி என்று பத்மாசினி எண்ணிக்கொண்டாள்.

பத்மாசினிக்கு இன்றைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கனடாவுக்குப் போகவென்று போன கிழமை கோப்பாயிலிருந்து வெளிக்கிட்ட அவள் புருஷன் சோமசேகரம், கிளாலிக் கடலைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகவேண்டும். அந்தக் கடலில் படகைக் கண்டால் நேவிக்காரன் சுடுவான். மனுஷன் அக்கரையில் இறங்கினானா இல்லையா என்று தெரியாமல் ஒரு கிழமையாய் அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

சோமசேகரம் ஏறிய படகை ஓட்டியது ரீச்சரின் தம்பி செபநாயகம். அவன் காலையில் வீடு திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து பத்மாசினி வாசல் படலையடியிலேயே நின்றாள். ரீச்சரைக் கண்டதும் ஓடிப்போய்க் கேட்டாள்.

“படகு அங்காலை கரைக்குப் போய்ச் சேர்ந்ததாம்” என்றாள் ரீச்சர். அவ்வளவுதான், பத்மாசினி சாமிப்படத்துக்குக் கற்பூரம் கொளுத்த உள்ளே ஓடிவிட்டாள்.

திரும்பி வந்தவள் ரீச்சரைச் சும்மா இருக்க விடவில்லை. இனிப் புருஷன் கூப்பிட்டுவிடுவான், தூதரகத்தில் வெள்ளைக்காரனுக்கு முன்னால் முழுசிக்கொண்டு நிற்க ஏலாது, போன கிழமை விட்ட இடத்திலிருந்து இங்கிலிசு படிப்பியுங்கோ என்று கதிரையை இழுத்துப் போட்டாள். விட்ட இடம் ‘கோ’ என்ற சொல். இங்கிலிசில் போகிறதுக்குச் சொல்லுகிற அந்தச் சொல்லுக்கு ரீச்சரின் அகராதியில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது.

பால் பழுதானாலும் கோ, தலைமயிர் நரைத்தாலும் கோ, பள்ளிக்கூட மணி அடித்தாலும் கோ, ஆளுக்கு விசர் பிடித்தாலும் கோ. வெள்ளைக்காரன் சரியான கஞ்சன், ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டுகிறான் என்று பத்மாசினி சிரித்தாள். ரீச்சர் சிரிக்கவில்லை. பால் பழுதாகிறதையே திரும்பவும் சொல்லிக்கொடுத்தாள்.

ரீச்சரின் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பத்மாசினி கவனித்தாள். இரண்டு பேரும் ஒரே வயது, பக்கத்து வளவு, பதினைந்து வருஷச் சினேகிதம். தான் கனடாவுக்குப் போய்விட்டால் அவளுக்கு மனம்விட்டுக் கதைக்க ஒரு சீவன் இல்லையே என்று பத்மாசினிக்கும் கவலையாக இருந்தது.

பேச்சை மாற்றவேண்டும் என்று, ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று சொல்கிற ‘போட்டு வாறன்’ என்பதற்கு இங்கிலிசில் என்ன என்று கேட்டாள். அப்படி ஒன்று இல்லை, போறன் என்று மட்டும்தான் அவர்கள் சொல்வார்கள் என்றாள் ரீச்சர்.

“அறுவான்கள். வெறுமனே போறன் எண்டு சொல்லலாமோ?” என்ற பத்மாசினிக்கு உடனே அயலிலிருந்த ஏரம்பரின் செத்த வீடு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ரீச்சர் வாய்ப்பழக்கத்தில் ஏரம்பரின் பெண்சாதியிடம் “போட்டு வாறன்” என்று சொல்ல, சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செத்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று பத்மாசினிதான் கையில் நுள்ளி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். ரீச்சரின் முகம் அன்றைக்குப் போன போக்கைச் சொல்லிச் சொல்லி இப்போது வயிறு நோகச் சிரித்தாள். பாவம், பத்மாசினி இப்படிச் சிரித்து ஒரு கிழமையாகிறது.

ரீச்சர் அகராதியை மூடினாள். இன்றைக்குத் தலையிடி, இவ்வளவும் காணும் என்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பத்மாசினியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெறுங்கையோடு அவளை அனுப்பப் பத்மாசினிக்கு மனம் வரவில்லை. தன் புருஷனைக் கரை சேர்த்த செபநாயகத்துக்கு ஒரு கறிக்காவது கொடுத்துவிடுவோம் என்று பின்வளவுக்குப் போய் முருங்கைக்காய் பிடுங்கினாள். திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாகக் கிடந்தது. ரீச்சர் படலையைத் திறந்துகொண்டிருந்தாள்.

“என்ன ரீச்சர், பேசாமல் எழும்பிப் போறியள்?” பத்மாசினி முருங்கைக்காயோடு பின்னால் ஓடினாள். “ஒரு போட்டு வாறன் சொல்லக்கூடாதோ?”

படலையைப் பிடித்தபடி ரீச்சர் திரும்பினாள். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துகொண்டு வந்தது.

“இந்த வீட்டிலை சொல்லக்கூடாது, பத்மா.”