டேங்க் மூடியின் சந்தனம்

மாசிலாமணியின் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிதாக வந்த பிளக்குக்கு முதல் நாளே பயம் பிடித்துக்கொண்டது. சாமான் பெட்டிக்குள் கழற்றிப் போட்டிருந்த பழைய பிளக்குகள் ஓயாமல் முனகின. "நாங்க தப்பு பண்ணல... நாங்க தப்பு பண்ணல..."

"வண்டி இருமினா உன்னையும் அங்கதான் போடுவாரு, தம்பி" என்றது கார்புரேட்டர்.

மேட்டில் ஏறும்போது வண்டி திணறி இருமியது.

"அண்ணே, பெட்ரோல் விடுங்க!" என்று பிளக் அலறியது.

"எனக்கே வரலியே! மேல டேங்க்கைக் கேளு."

"டேங்க் அக்கா, என்ன ஆச்சு?"

"மூச்சு முட்டுது" என்றது டேங்க். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது அதன் குரல். "ஆயுத பூஜைக்கு மூடியில சந்தனம் அப்பினாரு. காத்து வர்ற ஓட்டை அடைச்சுப் போச்சு."

"உதிர்த்து விட்டுடக் கூடாதா?"

"பக்தியா வச்சதைப் போய் உதிர்ப்பாங்களாப்பா?"

வண்டி நின்றுவிட்டது. மாசிலாமணி பிளக்கைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். என்ன தோன்றியதோ, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. மூடிவிட்டு உதைத்தார். வண்டி கணீரென்று கிளம்பியது. பெட்டிக்குள் முனகல் அடங்கியது. பிளக்குக்கு உயிர் வந்தது.

"முருகா, நீதான் காப்பாத்தின!" என்று மாசிலாமணி மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் சந்தனம் குழைத்து, அதே மூடியில் முன்னைவிடக் கெட்டியாக அப்பினார்.

பெட்டிக்குள் பழைய பிளக்குகள் மெல்ல நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டன.