டாமட்டியின் பையில் ஒரு கல்

“ஃபையா, கொஞ்சம் நில்லுங்க. கால் விட்டுப்போச்சு” என்று ரவிரி முதுகுப் பையோடு ஒரு மரத்தில் சாய்ந்தான்.

நயிரி டீச்சருக்கு உள்ளூர இனித்தது. பள்ளிக்கூடத்துப் பெண் ஆசிரியர்கள் எல்லாருமே பிள்ளைகளுக்கு ஃபையாதான், அத்தை மாதிரி. ஆனால் இந்த ஃபையாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏரியிலிருந்து கடற்கரை வரை காட்டு வழியாக நடந்தே போவது பதினோராம் வகுப்பின் ப்ராஜெக்ட். வழி, சாப்பாடு, சுமை எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. ஆசிரியர் கூடவே போனால் போதும். அதற்கே இந்த முறை அவர் தலைமையாசிரியரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

“தொங்குபாலம் வர்றதுக்குள்ள உங்களுக்காகப் பசங்க ஒரு தடவ நின்னாலும், அங்கேயே வண்டி ஏறி ஊருக்குத் திரும்பிடணும். அடுத்த வருஷம் கேக்கவும் கூடாது” என்று கூட வந்த இளம் ஆசிரியர் கேலம் கறாராகச் சொல்லியிருந்தார்.

இதுவரை நின்றதெல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்.

“ரக்பி ஆடுற உடம்பாடா இது? ஒரு மேடு ஏறினா நாக்குத் தள்ளுது.”

“பை கனம் ஃபையா.”

“நீ கட்டின பைதானே? யார் மேல பழி போடுற?”

மெரி என்ற பெண் பையைக்கூடக் கழற்றாமல் பாசி மேல் உட்கார்ந்துவிட்டாள். “உங்க காலத்துக் கத சொல்லுங்க ஃபையா. அந்தக் கல்லு கத.”

“எத்தன தடவடி கேப்ப?”

“கேலம் சார் கேட்டதில்ல.”

டீச்சருக்குச் சொல்லக் கசக்குமா? இதே காடு, இதே ப்ராஜெக்ட். அன்று அக்காவின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு கடைசியில் நடந்த குள்ளப் பெண் இவர்தான். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி முன்னால் பறந்தவன் கூடப் படித்த டாமட்டி. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

“ரெண்டாம் நாள் காலைல அவன் மூஞ்சி கழுவப் போனான். ஆத்துலேர்ந்து பெரிய கல்லா ஒண்ணு எடுத்து அவன் பைக்கு அடியில திணிச்சிட்டேன். அதுக்கப்புறம் தொர கடல் வரைக்கும் என் பக்கத்துலதான் நடந்தார். என்ன பேச்சு, என்ன பாட்டு! பாவம், கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியவே தெரியாது.”

“அப்புறம் கட்டிக்க வேண்டியதுதானே?” என்றார் கேலம்.

“சிட்னிக்கு வேலைக்குப் போனான். அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்தான். இந்தத் தடியனுக்குத் தாத்தாவாவும் ஆயிட்டான்” என்று ரவிரியின் தலையில் தட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரு முள் குத்தும். அவன் பக்கத்தில் நடந்தது கல்லால்தானே, தன்னால் இல்லையே. வாழ்க்கையிலேயே இனித்த அந்த நாட்களைத் திருடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்று நினைக்க வலித்தது.

பாலம் வந்தது. வண்டி காலியாகத் திரும்பிப் போனது. “ஜெயிச்சிட்டீங்க ஃபையா” என்று கேலம் கை குலுக்கினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெம்பே இல்லை என்று டீச்சர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ராத்தங்கலுக்கான குடிசையில் தேநீர் கொதித்தது. வாசலில் ரவிரியின் பையை ஒரு வேகா பறவை கொத்திக்கொண்டிருந்தது. அது திருட்டுப் பறவை, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். அதை விரட்டிவிட்டு டீச்சர் பையை உள்ளே எடுத்து வைக்கப் போனார். பை அசையவில்லை.

அவிழ்த்துப் பார்த்தார். சுருட்டி வைத்த படுக்கைக்கு அடியில் ரொட்டி அளவுக்கு ஓர் ஆற்றுக்கல்.

திரும்பினார். மெரி தன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்கள். கேலமும்தான்.

“எல்லார் பையிலயுமா?” டீச்சருக்கு முகம் சுட்டது. “அப்ப நான் ஜெயிக்கல. பாவம், டாமட்டியாவது தெரியாம சுமந்தான். நீங்க தெரிஞ்சே சுமந்தீங்களாடா?”

ரவிரி தலையைச் சொறிந்தான்.

“தாத்தா குடுத்த யோசனதான் ஃபையா. அவர் அன்னிக்கு ராத்திரி படுக்கைய எடுக்கும்போதே கல்லப் பாத்துட்டாராம். தூக்கிப் போட்டுட்டா மறுபடியும் உங்கள விட்டுட்டு முன்னால போகணுமேன்னு, திரும்ப உள்ளயே வெச்சுக்கிட்டாராம்.”